ஆர்லோவின் கம்பத்தில் ஒரு துடுப்பு

எந்தத் திமிங்கிலம் என்று அப்போதே திருப்பிக் கேட்டிருக்க வேண்டும், வாயில் என்ன ரொட்டியையா அடைத்து வைத்திருந்தேன், பங்க்கில் லாய்டு பெட்ரோல் குழாயை வண்டியில் செருகிவிட்டுப் பின்கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தான், ஓவியத்தின் மேல் போட்டிருந்த கம்பளி சரிந்து கிடந்தது, "பனிக்காரி, திமிங்கிலத்தை ஜம்முனு நிறுத்திட்ட போ, உங்கப்பா பாத்திருந்தா சிரிச்சிருப்பாரு" என்றான், நானும் ஈ என்று பல்லைக் காட்டி "தேங்க்ஸ்டா" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிவிட்டேன்... ஸ்கிடகேட்டைத் தாண்டி, கடலோர வளைவுகளைத் தாண்டி, மழை வாளி வாளியாக அடிக்கிறது, துடைப்பான் பாதிக் கண்ணாடியைத்தான் துடைக்கிறது, முப்பது கிலோமீட்டர் போன பிறகுதான் மண்டையில் உறைத்தது, நான் எங்கே திமிங்கிலம் வரைந்தேன்? கழுகு வரைந்தேன், உச்சியில், அலகு மட்டும் வெளியே தெரிகிற மாதிரி. மரம் கொறிக்கிற பீவர் வரைந்தேன், அடியில், முன்பல் இரண்டு மட்டும் தெரிகிற மாதிரி. நடுவில் பனி. வேறொன்றும் இல்லை, வெறும் பனி. குலச் சின்னங்களைச் செதுக்கி நிறுத்துகிற மரக்கம்பம் அது, அப்பாவின் குலத்துடையது, தீவில் கழுகு, அண்டங்காக்கை என்று இரண்டு பக்கம், இது கழுகுப் பக்கத்துக் கம்பம், அதில் திமிங்கிலத்துக்கு என்ன வேலை? திமிங்கிலம் அண்டங்காக்கைப் பக்கத்தாருடையது, அதாவது எங்களுடையது, அதாவது... என்னுடையது என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றுதான் எனக்கு ஒன்பது வயதாகும்போது இருநூறு பேர் முன்னால் சொன்னார்கள். லாய்டுக்குக் கண்ணில் கோளாறு, போன வருஷம்தான் ஆபரேஷன் செய்துகொண்டான், அவன் சொன்னான் என்று நான் ஏன் பதறவேண்டும் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு இன்னும் இரண்டு கிலோமீட்டர் போனேன்.

போக முடியவில்லை. ட்லெல் பாலத்துக்கு முன்னால் வண்டியை ஓரம் கட்டினேன், மழையில் இறங்கிப் பின்கதவைத் திறந்து கம்பளியை முழுவதும் விலக்கினேன். இருந்தது. அட கடவுளே, இருந்தது. கம்பத்தின் நடுவில், கழுகுக்குக் கீழே, குவிந்து கிடக்கிற வெள்ளையிலிருந்து கறுப்பாக ஒன்று நிமிர்ந்து நிற்கிறது, அடி அகலம், மேலே போகப்போகக் குறுகி, நுனி லேசாகப் பின்னால் வளைந்து... முதுகுத் துடுப்பு. பின்னால் நிற்கிற மரத்தின் நிழல் என்று நினைத்துத்தான் அதைப் போட்டேன், நினைத்துத்தானா? பின்னால் நிற்கிற மரத்தின் நிழல் கம்பத்துக்கு முன்னால் எப்படி வந்து விழும்? இதைக்கூட யோசிக்காமலா மூன்று மாதம் இதன் முன்னால் உட்கார்ந்திருந்தேன்? வான்கூவரிலிருந்து வந்து என் படங்களை வாங்கிப் போகிறவர்கள் இதைப் பார்த்தால் மலை என்பார்கள், நிழல் என்பார்கள், எவ்வளவு எளிமையான வடிவம் என்று தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்பார்கள். இந்தத் தீவில் பால் மறக்காத பிள்ளைகூட அம்மா மடியிலிருந்து கையை நீட்டித் துடுப்பு என்று சொல்லிவிடும். இந்த ஒரு படம் என்றால் கம்பளியை மூடிவிட்டு வண்டியிலேயே விட்டுவிடலாம், மறந்துவிட்டேன் என்று சொல்லலாம், பேச்சு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் இதன் பக்கத்தில் நாலு அட்டைப்பெட்டிகள், குப்பைப் பையில் சுற்றி டேப் ஒட்டி, உள்ளே நூற்றைம்பது அச்சுப் பிரதிகள், ஒவ்வொன்றையும் நானே சுருட்டி ரப்பர் பேண்டு போட்டேன், நூற்றைம்பது துடுப்பையும் என் கையாலேயே சுருட்டியிருக்கிறேன்.

இன்றைக்கு நாலு மணிக்கு மாசெட்டில் என் அப்பா ஆர்லோவின் கல்லறைக் கல் விருந்து. அப்பா போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது, காலையில் கல்லை நட்டிருப்பார்கள், எங்கள் பக்கத்தார்தான் நடவேண்டும், ஒரு பக்கத்துச் சாவுக்கு எதிர்ப்பக்கம்தான் வேலை செய்யும், பிறகு சாவு வீட்டுக்காரர்கள் எங்களை உட்காரவைத்துச் சோறு போட்டுப் பரிசு கொடுப்பார்கள், அந்தப் பரிசு இந்தப் பிரதிகள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாயா, நீ சாட்சி. பார்த்தேன், கேட்டேன், சரிதான் என்று ஒப்புக்கொண்டேன் என்று அர்த்தம். நூற்றைம்பது பேர் திமிங்கிலத்தை மடியில் வைத்துக்கொண்டு எழுந்து போனால் நாளையிலிருந்து அப்பாவின் அக்கா பெர்னிஸ் அத்தையின் குலம் திமிங்கிலத்தைத் தனது என்று சொல்லிக்கொண்டதாக ஆகிவிடும், ஒரு கழுகுக் குலம், எங்கள் சின்னத்தைத் திருடி, அதுவும் அப்பாவின் பெயரில்... இல்லை, அப்படி ஆக விடமாட்டார்கள், எங்கள் பக்கத்திலிருந்து யாராவது ஒருவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்து, இது எப்படி இங்கே வந்தது என்று எல்லார் முன்னாலும் கேட்பார்கள். அது அதைவிட மோசம். பெர்னிஸ் அத்தை ஒரு வருஷமாக ஓடி ஓடிச் சேர்த்த விருந்து, அவள் தம்பியின் பெயரைத் தலைநிமிர்த்தி நிறுத்துகிற விருந்து, அதில் என் கையால் ஒரு அவமானம். திரும்பிப் போய்விடலாமா? நாலு மணிக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் இருக்கிறது. திரும்பிப் போய் என்ன செய்வேன், லாய்டிடம் போய் உனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது என்று சொல்வேனா?

பத்தொன்பது வயதில் ஒரு தவளை வரைந்தேன், ஒரு மேளத்தின் மேல், பச்சையும் சிவப்பும், அழகான தவளை, இப்போதும் சொல்வேன் அழகான தவளை. கோ-ஆப் கடையில் மாவு மூட்டைகள் அடுக்கியிருக்கிற வரிசையில் ஒரு அம்மாள் என்னை நிறுத்தி, சத்தம்கூடப் போடாமல், "அந்தத் தவளை யாரோடதும்மா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். நான் எதையோ உளறிவிட்டுப் பத்துக் கிலோ மாவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன், வீட்டில் மாவு இருந்தது, எனக்கு வேண்டியது பால். அன்றிலிருந்து எதை வரைந்தாலும் மேலே பனியைக் கொட்டிவிடுகிறேன். கம்பம் வரைவேன், அதன் தோளில் பனி, மடியில் பனி, முகத்தில் பனி, யாருடைய சின்னம் என்று ஒருவரும் கேட்க முடியாது, நீலமும் வெள்ளையும் நாலைந்து கறுப்புக் கோடும், வாங்குகிறவர்களுக்கும் அதுதான் பிடிக்கிறது. இங்கேதான் கேலி. "ஏன்டி, இந்தத் தீவுல இவ்வளவு பனி நீ எப்படி பாத்த, எங்களுக்கெல்லாம் மழைதான பெய்யுது" என்று ஷெர்லீன் ஒவ்வொரு தடவையும் கேட்பாள், அத்தை மகள் என்றால் கேலிக்கு லைசென்ஸ் இல்லையா, பனிக்காரி என்று பெயர் வைத்தவளும் அவள்தான். உண்மைதான், இங்கே பனி விழுந்தால் மறுநாள் மதியத்துக்குள் சேறாகிவிடும். நான் பார்த்த பனி சஸ்காட்சுவானில், அம்மாவின் ஊரில், ஆறு வயதில் ஒரே ஒரு தடவை, வேலிக் கம்பங்கள் ஒவ்வொன்றும் தலையில் தொப்பி வைத்துக்கொண்டு நின்றன, அம்மா ஜன்னலைத் திறந்து "இதுதான் குளிர்காலம், உங்கப்பா ஊர்ல இருக்கறது ஒழுகற கூரை" என்றாள். எனக்குப் பன்னிரண்டு வயதாகும்போது அவள் அந்தப் பனிக்கே திரும்பிப் போய்விட்டாள், அதற்காக அவளை நான் திட்டியதில்லை, திட்டியிருக்கலாம்.

இந்தப் படத்தில்கூட நடுவில் பனி போட்டதற்கு நியாயமான காரணம் இருந்தது, சத்தியமாக இருந்தது. அந்தக் கம்பம் நான் பிறக்கும் முன்பே விழுந்து மண்ணாகிவிட்டது, அப்பாவின் பழைய ஊரில் இப்போது மரமும் மானும்தான், இருப்பது ஒரே ஒரு பழைய போட்டோ, நடுப்பகுதியில் ஈரம் பட்டு வெளிறிப் போயிருக்கிறது, என்ன செதுக்கியிருந்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் அப்பாவிடம் கேட்டேன், அவர் ஏழு வயதில் படகில் போனபோது கம்பம் சாய்ந்தபடி நின்றுகொண்டிருந்ததாம். "நடுவுல யாரோ உக்காந்திருந்தாங்க நோரீன், யாருன்னுதான் மறந்துபோச்சு" என்றார், ஏதோ பஸ்ஸில் பார்த்த ஆளைப் பற்றிச் சொல்கிற மாதிரி, பிறகு ஜெல்லி வேண்டும் என்றார், சிவப்பு ஜெல்லி, மஞ்சள் வேண்டாம். தெரியாத இடத்தில் பனி போடுவது தப்பா? தெரியாது என்பதைப் பனி என்று சொன்னேன், அவ்வளவுதான். அப்புறம் அந்தத் துடுப்பு எங்கிருந்து வந்து நின்றது?

சாலையோரத்தில் வண்டியில் அடிபட்ட மான் ஒன்று, ஒரு கழுகும் இரண்டு அண்டங்காக்கைகளும் அதை ஆளுக்கொரு பக்கமாகக் கொத்திக்கொண்டிருந்தன, அவற்றுக்கு ஒரு தகராறும் இல்லை. ஹாரன் அடித்தேன், காக்கை நகரவே இல்லை, நீ சுற்றிப் போ என்கிற மாதிரி பார்த்தது, சுற்றிப் போனேன். மேவிஸம்மா இருந்திருந்தால் இதற்கு ஒரு சிரிப்புச் சிரித்திருப்பாள். மேவிஸம்மாதான் என்னைத் தத்தெடுத்தவள், இங்கே பிள்ளைகள் அம்மா பக்கம், என் அம்மாவோ ஒரு பக்கமும் இல்லாதவள், அதனால் நான் கழுகும் இல்லை காக்கையும் இல்லை, அந்தரத்தில் தொங்கினேன், ஒன்பது வயதில் மேவிஸம்மா, குலச் சின்னத்தைப் பொத்தான்களால் தைத்த தன் விழாப் போர்வையை என் தோளில் போட்டு, அது தரையில் புரண்டது, ஒரு பெயரைச் சொல்லி, கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அதை நாலு தடவை திருப்பிச் சொல்லி, அந்தப் பெயரை எனக்கு இன்றைக்கும் தொண்டையிலிருந்து ஒழுங்காக எடுக்க வராது. பிறகு கையைப் பிடித்து அண்டங்காக்கைப் பக்கத்துக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார்கள். அதுவரை அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் அப்பா கூடத்தின் அந்தக் கோடியில், நேர் எதிரே, நான் அழப்போகிறேன் என்று தெரிந்துவிட்டது அவருக்கு, ஒரு பொரித்த ரொட்டியை முழுசாக வாயில் அடைத்துக்கொண்டு இரண்டு கன்னமும் உப்ப என்னையே பார்த்தார். சிரித்துவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனை விருந்து, எத்தனை வருஷம், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் எப்போதும் ஒரு கூடத்தின் அகலம் இருந்தது. இதைச் சொல்லி ஒரு தடவை ஷெர்லீனிடம் அழுதேன். "எதிர்ப்பக்கத்துலதான கட்டிக்கறோம், எல்லாருக்கும் அப்பா எதிர்ப்பக்கம்தான்டி, உனக்கு மட்டும் என்ன தனியா" என்றாள், சரியாகத்தான் சொன்னாள், ஆனால் எல்லாருக்கும் பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருந்தாள், எனக்குப் பக்கத்தில் மேவிஸம்மா உட்கார்ந்திருந்தாள், நல்லவள், இறாலை உரித்து என் தட்டில் வைப்பாள், நான் நன்றி சொல்வேன், அம்மாவுக்கு யாராவது நன்றி சொல்வார்களா? கொஞ்சம் வளர்ந்ததும் ஒரு வழி கண்டுபிடித்தேன், காப்பி ஊற்றுகிற வேலை. விருந்து தொடங்கியதும் காப்பிக் கூஜாவைக் கையில் எடுத்துக்கொண்டால் எந்தப் பக்கமும் உட்காரவேண்டாம், இரண்டு பக்கமும் நடந்துகொண்டே இருக்கலாம், நல்ல பொண்ணு என்ற பெயரும் கிடைக்கும். நாற்பது வருஷமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

போர்ட் கிளெமென்ட்ஸில் வண்டியை மறுபடியும் நிறுத்தினேன். முன்பெட்டியில் வெள்ளைச் சாயக் குழாய் ஒன்றும் பழைய பிரஷ் ஒன்றும் எப்போதும் கிடக்கும். அதுதானே என் தொழில், மூடுவது? ஒரு பெட்டியைக் கிழித்து ஒரு பிரதியை எடுத்து மடியில் விரித்தேன், துடுப்பின் மேல் ஒரு கோடு பனி, இன்னொரு கோடு, நூற்றைம்பது தடவை பத்து நிமிஷம் என்றால்... கணக்கே உதவாது, நாளை சாயங்காலம் வரை இங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும், தவிர ஈரக் காற்றில் சாயம் காயவில்லை, கறுப்பு மேலே வந்து சாம்பலாகி, மீன் தொட்டியைக் கழுவிய தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. பாதி மூடியபோது கை நின்றுவிட்டது. யாரோ ஒருவரின் முகத்தில் தலையணையை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது, சீச்சீ, வெறும் காகிதம், என்ன இது என்று என்னையே திட்டிக்கொண்டு அதைச் சுருட்டிச் சீட்டுக்கு அடியில் தள்ளினேன். இப்போது நூற்று நாற்பத்தொன்பது. பேசாமல் ஓட்டினேன், பேசாமல் என்றால் வாய் மட்டும்தான்.

மாசெட்டில், கூடத்து வாசலில் அத்தை குடையில்லாமல் நின்றுகொண்டிருந்தாள், எழுபத்திரண்டு வயதில் நாலு ஆம்பிளைகளை ஒரே நேரத்தில் விரட்டிக்கொண்டிருந்தாள், நாற்காலி அங்கே, ஹாலிபட் மீன் தட்டு இங்கே, கடற்பாசியில் படிந்த மீன்முட்டையை யார் வெயிலில் வைத்தது, வெயில் எங்கே இருக்கிறது என்று ஒருவன் முணுமுணுத்தான். நான் அவளை வண்டிக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன், கம்பளியை விலக்கினேன், "அத்தை, நடுவுல பாருங்க, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்றேன்.

"துடுப்புதான? ரெண்டு மாசத்துக்கு முன்னாடி நீ போன்ல படம் அனுப்பினப்பவே பாத்தேனே."

"பாத்தீங்களா? பாத்துட்டா ஒண்ணும் சொல்லல?"

"என்னத்த சொல்ல? உன் பக்கத்து ஆளுங்ககிட்ட கேட்டுட்டுத்தான் போட்டிருப்பன்னு நெனச்சேன். பொண்ணு அப்பனுக்காகக் கேட்டு வாங்கியிருக்கா, மேடையில அவளே சொல்லட்டும்னு நானும் வாயத் தொறக்கல." அவள் என் முகத்தைப் பார்த்தாள். "கேக்கலயா நீ?"

இல்லை என்று தலையாட்டினேன், ஐம்பது வயதுப் பெண், மூக்கில் மழைத்தண்ணீர் சொட்ட. அத்தை அடிப்பாள் என்றுகூட நினைத்தேன். அவள் பெட்டிகளின் மேல் கையை வைத்துக்கொண்டு, "கேக்காம வந்த ஒண்ண நான் யார் மடியிலயும் வைக்க மாட்டேன் நோரீன், ஆர்லோ பேர்ல வைக்கவே மாட்டேன். கடைசில இனிப்புக்கு ஆப்பிள் பை பரிமாறி முடிச்சதும் பரிசு. அதுக்குள்ள போய்க் கேளு. இல்லன்னா பெட்டி பெட்டியாவே இருக்கட்டும், நான் கம்பளியும் துண்டும் குடுத்துச் சமாளிச்சுக்கறேன்" என்றாள், பிறகு அந்தப் பக்கம் திரும்பி, "டேய், அந்த மேசை கால் ஆடுது பாரு" என்று கத்திக்கொண்டே போய்விட்டாள்.

கிளைடு மாமா தன் லாரியில் உட்கார்ந்து ஹீட்டரைப் போட்டுக்கொண்டிருந்தார், மேவிஸம்மாவின் தம்பி, எங்கள் குலத்துக்கு இப்போது அவர் பேச்சுதான் பேச்சு, காலையில் கல்லை நட்ட சேறு பூட்ஸில் அப்படியே இருந்தது, காலைத் தரையில் வைக்காமல் ஒரு செய்தித்தாளின் மேல் வைத்திருந்தார். மேவிஸம்மா போன பிறகு இவரிடம் நான் என்ன பேசியிருக்கிறேன்? காப்பி வேணுமா மாமா. சர்க்கரை போதுமா மாமா. இந்த ஆளிடம் நான் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை, கேட்டால் நீ யார் கேட்பதற்கு என்று சொல்லிவிடுவார்களோ என்று நாற்பது வருஷமாகக் கேட்காமலே இருந்திருக்கிறேன், அது இன்றைக்கு இந்தக் கதவைத் திறந்து ஏறி உட்காரும்போதுதான் தெரிகிறது. படத்தைக் காட்டினேன். நடந்ததைச் சொன்னேன், தலைகீழாகச் சொன்னேன், லாய்டு, மான், வெள்ளைச் சாயம், எல்லாம் கலந்து. அவர் கேட்டுக்கொண்டே மூக்கைச் சிந்தினார்.

"காலைல கல்லு தூக்க வரலயே நீ."

"பிரதியெல்லாம் சுருட்டிட்டு இருந்தேன் மாமா."

"வந்திருக்கலாம். ஒரு ஆளு கொறஞ்சுது. பில்லியோட முதுகு புடிச்சுக்கிச்சு." பிறகு படத்தை ஸ்டீயரிங்கின் மேல் சாய்த்துவைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லா இருக்கு. ஆர்லோவுக்கு எவ்வளவு பனி! அந்த ஆளு படகுல ஐஸ் பெட்டியத் தவிர வேற எங்க பாத்தான்."

"மாமா, நான் இப்ப என்ன செய்யணும்?"

"அத நான் எப்படி சொல்ல? நீதான் சொல்லணும். கை தவறி வந்துடுச்சுன்னா நான் எழுந்து சொல்றேன், நம்ம பொண்ணு தப்புப் பண்ணிட்டா, படத்தையெல்லாம் எரிச்சுடுவோம், அடுத்த வருஷம் நீ ஒரு விருந்து வச்சு அந்த அவமானத்தக் கழுவு, முடிஞ்சுது. அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல, நானே ரெண்டு தடவ கழுவியிருக்கேன். இல்ல, நீ வச்சேன்னா அது வேற. நம்ம பக்கத்துப் பொண்ணு அவ அப்பன் கம்பத்துல நம்மளோடத வைக்க ஆசப்பட்டா, இந்த ஒரு படத்துக்கு மட்டும் குடுக்கறோம்னு எல்லார் முன்னாடியும் சொல்லிக் குடுத்துடலாம். பெர்னிஸ் மறுக்க மாட்டா. ஆனா ரெண்டுல ஒண்ணு. ரெண்டையும் கலந்து சொன்னா நான் என்னன்னு எழுந்து நிக்கறது? தவறி வந்துச்சா, வச்சியா?"

நிழல் என்று நினைத்துப் போட்டேன் என்றால் தவறி வந்தது. ஆனால் நிழல் அங்கே விழாது, விழாது என்று என் கைக்குத் தெரியும், முப்பது வருஷமாக நிழல் போடுகிற கை. தெரிந்து போட்டேன் என்றால் வைத்தேன். ஆனால் வைத்த நாள் எனக்கு ஞாபகமில்லையே, ஒருத்தி தான் செய்ததைத் தெரியாமல் செய்வாளா? பொய் சொல்லிவிடலாம், எது சுலபமோ அதை, எது சுலபம்? தவறி வந்தது என்பதுதான் சுலபம், எரித்துவிட்டால் போதும், அப்புறம் மறுபடியும் பனி, மறுபடியும் காப்பிக் கூஜா. "ஆப்பிள் பை வர்றதுக்குள்ள சொல்லு" என்று மாமா பூட்ஸ் சேற்றைக் கதவில் தட்டிவிட்டு இறங்கிப் போனார்.

உள்ளே நுழைந்ததுமே ஷெர்லீன் கூஜாவை என் கையில் திணித்தாள், "எங்கடி போன, எல்லாரும் காப்பி காப்பின்னு உயிர எடுக்கறாங்க, அப்படியே நனைஞ்ச கோழி மாதிரி வந்து நிக்கற" என்றாள். ஊற்றினேன். சாப்பாடு ஓடிக்கொண்டிருந்தது, சால்மன், ஹாலிபட், மான்கறி சூப், பொரித்த ரொட்டி மலை மலையாக, யாரோ பேசினார்கள், யாரோ பாடினார்கள், அப்பாவின் பெயரை நாலு தடவை சொன்னார்கள், கழுகுப் பக்கம் முன்வரிசையில் அவர் உட்காருகிற இடத்தில் அவர் தொப்பியை வைத்திருந்தார்கள், மீன் வாசனை போகாத அந்த நீலத் தொப்பி, அதைப் பார்க்கக்கூடாது என்று இந்தப் பக்கம் திரும்பி ஊற்றிக்கொண்டே போனேன். ஆப்பிள் பை தட்டுகள் சமையலறை வாசலில் வந்துவிட்டன. கதவோரம் என் நாலு பெட்டிகள், ஒன்று கிழிந்திருந்தது. அத்தை ஓவியத்தை மட்டும் மேடைக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்தாள், மேலே ஒரு படுக்கை விரிப்பு, பாட்டுப் பாடியவர்களில் யாரோ முழங்கை பட்டு அது ஒரு பக்கம் நழுவி விழுந்தது, எடுத்துப் போட ஒருவரும் எழவில்லை. நான் என் படத்தைக் கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து பார்த்தேன். என் அறையில் இவ்வளவு தள்ளி நிற்க இடம் கிடையாது, மூக்கு ஒட்டுகிற தூரத்திலிருந்துதான் வரைவேன். இப்போது பார்த்தால், கழுகின் தலையில் பனி, சிறகில் பனி, பீவரின் காதில் பனி, பல்லின் விளிம்பில்கூட ஒரு நூல் பனி, பின்னால் நிற்கிற மரங்கள் எல்லாவற்றிலும் பனி. துடுப்பின் மேல் மட்டும் இல்லை. ஒரு பொட்டுகூட இல்லை. அவ்வளவு பனி கொட்டுகிற ஒரு படத்தில், நூல் நூலாக எல்லாவற்றையும் மூடிக்கொண்டு வந்தவள், அந்த இடத்துக்கு வந்தபோது பிரஷைத் தூக்கிக்கொண்டு தாண்டிப் போயிருக்கிறேன்.

"ஏய், ஏய், போதும்! பேண்ட்டுல ஊத்தற!"

கிளைடு மாமா. கோப்பை வழிந்து தட்டு வழிந்து மேசை விரிப்பில் ஓடியது. நான் கூஜாவை நிமிர்த்தினேன், மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை, "வச்சேன் மாமா" என்றேன்.

அவர் துண்டால் முழங்காலைத் துடைத்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தார். "நெசமா?"

"வச்சேன்."

"எப்ப வச்ச?"

"அதுதான் தெரியல."

அவர் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார், எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டார், பக்கத்து நாற்காலியின் மேல் கிடந்த தன் கோட்டை எடுத்து முதுகுச் சட்டத்தில் மாட்டினார், "இங்க உக்காரு, நான் பேசும்போது நீ இங்கிருந்து எழுந்து நிக்கணும்" என்று சொல்லிவிட்டு மேடைப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். எதிரே அந்தக் கோடியில் அப்பாவின் தொப்பி நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது, கழுகுப் பக்கத்துக் கோப்பைகள் ஒன்றில்கூட நான் இன்னும் காப்பி ஊற்றவில்லை, எப்போதும் அந்தப் பக்கத்திலிருந்துதானே தொடங்குவேன்... நாற்காலி காலியாக இருந்தது. உட்காரத்தான் வேண்டும். கூஜா பாதி நிறைந்து கனத்தது, அதை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.